ஒற்றைச் சம்பளம் - 7: மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலையா?

கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியாக வருமான வரி போடும் முறைக்கு சுவீடன் 1971-லேயே மாறிவிட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஜப்பான் அரசின் கணக்குப் புத்தகமோ இன்னமும் ஆட்களை ஜோடி ஜோடியாகத்தான் எண்ணுகிறது. ஜோடி சேராதவர்கள் அங்கே பெருகிக்கொண்டே போகிறார்கள்.

1970-ல் ஐம்பது வயதாகியும் கல்யாணமே ஆகாத ஆண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பெண்களில் மூன்று பேருக்குச் சற்று அதிகம். 2020 கணக்கெடுப்பில் ஆண்கள் 28, பெண்கள் 18.

இளசுகளுக்குக் கல்யாண ஆசையே போய்விட்டது என்று பெருசுகள் சொல்லலாம். 2021-ல் அரசு ஆய்வு நிறுவனம் கேட்டபோது, 18 முதல் 34 வயது வரையிலான மணமாகாதவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் என்றாவது கல்யாணம் செய்துகொள்வோம் என்றுதான் சொன்னார்கள். ஆசைக்குக் குறைவில்லை; முட்டுக்கட்டை பெரும்பாலும் சம்பளத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஜப்பானியக் கம்பெனிகள் கல்லூரி முடித்த கையோடு, ஏப்ரல் மாதத்தில், மொத்தமாக ஆள் எடுக்கும். அந்த வண்டியைத் தவறவிட்டவருக்குப் பின்னால் ஏறுவது கஷ்டம். 1990-களின் தொடக்கத்தில் நிலம், பங்கு விலைகள் சரிந்ததும் கம்பெனிகள் ஆள் எடுப்பதைச் சுருக்கின. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் படிப்பை முடித்த பலர் ஒப்பந்த வேலை, பகுதி நேர வேலை என்று ஒதுங்கினார்கள். போனஸ் கிடையாது, சம்பள உயர்வும் நிச்சயமில்லை. முப்பதுகளில் இருக்கும் ஆண்களில் நிரந்தர வேலைக்காரர்களைவிட இவர்களுக்கு மணமாகியிருப்பது மிகக் குறைவு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி அங்கேயும் இதுதான் போலிருக்கிறது! 1960-களின் பிற்பகுதி வரை பார்த்துப் பேசி முடித்த கல்யாணங்களே அங்கு அதிகம். பிறகு அந்த வேலையை அலுவலகம் எடுத்துக்கொண்டது: பக்கத்து மேஜைக்காரரே மாப்பிள்ளை. நிரந்தர வேலை கிடைக்காதவர்களுக்கு அந்த வழியும் குறுகிப்போனது.

பென்ஷன் விஷயம் இன்னும் வேடிக்கை. 1986 முதல், சம்பளக்காரரின் வருமானத்தை நம்பி வாழும் மனைவி ஒரு யென்கூடச் சந்தா கட்ட வேண்டாம். அடிப்படை ஓய்வூதியம் அவருக்கும் உண்டு. அதே சம்பளம் வாங்கும் மணமாகாத பெண் அதே சந்தாவைக் கட்டுகிறார்; வருவதோ ஒரே ஓய்வூதியம். சொந்தத் தொழிலோ துண்டு வேலையோ செய்து தேசியத் திட்டத்தில் மட்டும் சேர்ந்திருந்தவர் நாற்பது ஆண்டு விடாமல் கட்டினாலும், 2024 கணக்கில், மாதம் 68,000 யென்தான். டோக்கியோவில் ஒற்றை அறை வாடகைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும்.

குழந்தை வளர்ப்பு உதவிகளுக்காக மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவோடு 2026 முதல் ஒரு தொகையையும் சேர்த்து வசூலிக்க அரசு சட்டம் போட்டது. பேரன் பேத்தி எடுத்தவரும் கட்ட வேண்டியதுதான். ஆனாலும் ஜனங்கள் அதற்கு ‘பிரம்மச்சாரி வரி’ என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

வாரிசு இல்லாமல் அரசுக் கருவூலத்துக்குப் போன சொத்து 2023 நிதியாண்டில் 10,000 கோடி யென்னைத் தாண்டியது. அப்படி விட்டுச்செல்ல ஏதும் இல்லாதவர்களுக்காக யோகோசுகா நகராட்சி 2015-ல் ஒரு திட்டம் தொடங்கியது. கையில் அதிகம் இல்லாத, சொந்தபந்தமும் இல்லாத முதியவர் உயிரோடிருக்கும்போதே ஈமச்சடங்கு நிறுவனம் ஒன்றோடு பேசி முன்பணம் கட்டிவிடலாம். சொன்னபடி காரியம் நடக்கிறதா என்று நகராட்சி பார்த்துக்கொள்ளும். வேறு ஊர்களும் இதைப் பின்பற்றத் தொடங்கியிருக்கின்றன.

(தொடரும்)