கூட்டாளியின் பகடை

மேஜையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, நடத்துநர் வர்ணிக்கும் கற்பனை உலகில் தாம் செய்யப்போவதை வாயால் சொல்லியும், சந்தேகமான காரியங்களைப் பகடை உருட்டித் தீர்த்தும் ஆடுகிற வேடமேற்பு விளையாட்டு, 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' வாயிலாகப் பிரசித்தி பெற்றது. ஒருவர் வென்று மற்றவர் தோற்கும் ஆட்டமன்று ஆதலால், ஒற்றுமை தானே வந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். வருவதில்லை, ஒரே நாடகத்தில் நான்கு ராஜபார்ட்டுகளை ஏற்றினால் என்ன நேருமோ, அதுவே நேர்கிறது.

ஆதி கர்த்தாக்கள் கண்ட உபாயம் திறமைகளைப் பங்கிட்டது: வீரனுக்கு வாள், மந்திரவாதிக்கு மந்திரம், குருவுக்குக் காயம் ஆற்றும் சக்தி. நல்ல உபாயந்தான், ஆயினும் தம் முறை வரும்வரை மற்றவர்கள் கொட்டாவி விடுவதை அது தடுப்பதில்லை.

2017-இல் ஜான் ஹார்ப்பர் வெளியிட்ட 'பிளேட்ஸ் இன் தி டார்க்' இன்னும் நுட்பமானது. அதில் ஆடுவோர் அனைவரும் ஒரே திருட்டுக் கூட்டத்தார். ஆளுக்கொரு ஏடு இருப்பதுபோல் கூட்டத்துக்கென்றும் தனி ஏடு உண்டு. நள்ளிரவில் நால்வர் ஒரு மாளிகையின் மதில் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தலைமை ஏற்க, நால்வரும் தத்தம் திறமைக்கேற்பப் பகடை உருட்டுகிறார்கள். தலைவருக்கு 6, இன்னொருவருக்கு 5, மற்ற இருவருக்கு 3-ம் 2-ம் விழுகின்றன. உயர்ந்த எண்ணே அனைவருக்கும் செல்லுமாதலால் நால்வரும் மதிலைத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் 3-க்கு மேற்படாத அவ்விருவருக்காகவும் தலைவர் தம் ஏட்டில் இரண்டு மன உளைச்சல் கட்டங்களை நிரப்பிக்கொள்ள வேண்டும். அத்தகைய கட்டங்கள் மொத்தமே 9. அவை நிரம்பினால் ஆள் களத்தை விட்டே விலக நேரும். ஏறத் தெரியாத தோழனை இழுத்துச் செல்லும் சிரமத்தை இவ்வளவு சுருக்கமாக எண்ணில் அடக்கிய விதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. உளைச்சல் ஒன்றை ஏற்று, தோழருக்கு ஒரு பகடையை அதிகமாக வாங்கித் தருவதற்கும் அங்கே இடமுண்டு.

இதற்கு நேர் விரோதமாக, 1984-இல் வந்த 'பாரனோயா' ஒவ்வொருவரையும் ரகசியத் துரோகியாக்கி, துரோகிகளைத் தேடிப் பிடிக்கும் பணியையும் அவர்களிடமே ஒப்படைத்தது. நெடுநாள் நண்பர்களும் அதில் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துக் குதூகலிப்பார்கள். சுபாவத்தைக் காட்டிலும் விதிக்கே வலிமை அதிகம் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

ஆகவே, புதிதாக இத்தகைய ஆட்டம் அமைக்க விரும்பும் அன்பர்கள், தேசப்படமும் அரக்கர் பட்டியலும் எழுதப் புகுமுன், உதவி செய்தவன் பெறுவது யாது, இழப்பது யாது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்வார்களாக.