வந்தது 231 பேப்பர், தேறியது 58: சிப் ஆராய்ச்சி மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்புவது எப்படி?

புதியம்புத்தூர் என்றதும் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ரெடிமேட் துணிதான். சுற்றிலும் மானாவாரி கரிசல் காடு, ஊருக்குள் தையல் மெஷின் சத்தம். தீபாவளி நெருங்கினால் அந்தச் சத்தம் ராத்திரியிலும் நிற்காது. இப்படிப்பட்ட வீடுகளில் இருந்து கோவில்பட்டி பக்கமோ தூத்துக்குடி பக்கமோ பஸ் ஏறிப் போய் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளுக்கு, கடைசி வருடத்தில் ஒரு கேள்வி வரும். செய்த புராஜெக்டை பேப்பராக எழுதி கான்ஃபரன்ஸுக்கு அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம். ஆனால் எங்கே அனுப்புகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "பத்தே நாளில் பப்ளிஷ் ஆகிவிடும், பணம் மட்டும் கட்டுங்கள்" என்று வரும் மெசேஜை நம்பி அனுப்பினால் பணம் போவதோடு முடியாது. ஒரு இடத்தில் வெளியான கட்டுரையை இன்னொரு நல்ல மாநாட்டுக்கு அப்படியே அனுப்ப முடியாது. ஒரு வருட உழைப்பு அங்கேயே முடங்கிவிடும்.

மாணவர்கள் அதிகம் எடுக்கும் எஃப்பிஜிஏ புராஜெக்டை உதாரணமாக வைத்து இதைப் பார்ப்போம்.

எஃப்பிஜிஏ என்றால் என்ன?

செல்போனில் இருக்கும் சிப், வெட்டித் தைத்து முடித்த சட்டை மாதிரி. அதைப் பிரித்து பாவாடை தைக்க முடியாது. எஃப்பிஜிஏ அப்படி அல்ல. தொழிற்சாலையில் இருந்து வந்த பிறகும் உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே மாற்றி அமைக்கலாம். காலையில் ஒரு வேலைக்கு, மாலையில் வேறு வேலைக்கு.

உள்ளே இருப்பவை லுக்-அப் டேபிள் எனப்படும் சின்னச் சின்ன அட்டவணைகள். எந்த உள்ளீட்டுக்கு என்ன விடை என்பதை அதில் நிரப்பிவிட்டு, ஒன்றோடு ஒன்றை இணைத்தால் சர்க்யூட் தயார். வெரிலாக் அல்லது விஹெச்டிஎல் மொழியில் எழுதினால், இந்த நிரப்பும் வேலையை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். 1985இல் சைலிங்க்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முதல் எஃப்பிஜிஏவில் இருந்தது வெறும் 64 லாஜிக் பிளாக். அதே நிறுவனம் 2019இல் அறிவித்த ஒரு சிப்பில் 90 லட்சம் லாஜிக் செல்.

நம்மூர் உதாரணம் வேண்டும் என்றால் சென்னை ஐஐடியின் 'சக்தி' பிராசஸரைச் சொல்லலாம். அதை எஃப்பிஜிஏ போர்டில் ஏற்றி இயக்கிப் பார்க்கலாம். மாணவர்களுக்கும் இது எட்டாத விஷயம் இல்லை. சின்ன போர்டு சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது, சாஃப்ட்வேரின் அடிப்படைப் பதிப்பு இலவசம்.

எந்த மாநாடு?

இந்தத் துறையில் உலக அளவில் நான்கு மாநாடுகள் பெரியவை. அமெரிக்காவில் நடக்கும் 'எஃப்பிஜிஏ' என்ற பெயரிலேயே உள்ள கருத்தரங்கு, 1993இல் தொடங்கிய எஃப்சிசிஎம், 1991இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கி ஐரோப்பாவில் நடந்துவரும் எஃப்பிஎல், ஆசிய பசிபிக் பகுதிக்காக 2002இல் ஹாங்காங்கில் தொடங்கிய எஃப்பிடி. இதில் எஃப்பிடி 2011 டிசம்பரில் டெல்லிக்கே வந்தது.

முதல் பேப்பருக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வேண்டியதில்லை. 1985இல் சென்னையில் ஒரு பயிலரங்கமாகத் தொடங்கிய 'விஎல்எஸ்ஐ டிசைன்' இன்று சர்வதேச மாநாடு. வருடா வருடம் ஏதாவது ஓர் இந்திய நகரத்தில் நடக்கிறது. 'விடேட்' என்ற விஎல்எஸ்ஐ டிசைன் அண்ட் டெஸ்ட் கருத்தரங்கு இன்னொன்று. இரண்டிலும் எஃப்பிஜிஏ கட்டுரைகளுக்கு இடம் உண்டு.

2018 ஜூன் 28 முதல் 30 வரை விடேட் நடந்த இடம் மதுரை, திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரி. புதியம்புத்தூரில் இருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். அந்த ஆண்டு வந்த கட்டுரைகள் 231. முழுக் கட்டுரையாகத் தேர்வானவை 39, குறுங்கட்டுரை 11, போஸ்டர் 8. மொத்தம் 58. அதாவது நான்கில் ஒன்றுதான் ஏதாவது ஒரு வடிவில் உள்ளே போனது. முழுக் கட்டுரையாக என்றால் ஆறில் ஒன்று. தேர்வானவற்றை ஸ்பிரிங்கர் நிறுவனம் புத்தகமாக வெளியிட்டது.

பக்கத்து ஊர் மாநாடு என்றாலும் வடிகட்டல் இப்படித்தான் இருக்கும். எனவே ரிஜெக்ட் ஆவது அவமானம் இல்லை. அனுப்பிய எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் மாநாடுதான் சந்தேகத்துக்குரியது.

ரிவ்யூவர் எதைப் பார்ப்பார்?

ஒரு கற்பனை உதாரணம். துணியில் தையல் விட்டுப்போன இடத்தை கேமரா மூலம் கண்டுபிடிக்கும் சர்க்யூட்டை ஒரு மாணவர் குழு எஃப்பிஜிஏவில் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 640க்கு 480 அளவுள்ள படம், நொடிக்கு 60 முறை. அப்படியென்றால் நொடிக்கு சுமார் 1.84 கோடி புள்ளிகளைப் பார்த்தாக வேண்டும். எஃப்பிஜிஏவில் முழுப் படத்தையும் சேமித்து வைக்கத் தேவையில்லை. இரண்டு மூன்று வரிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, புள்ளி வர வர கணக்குப் போட்டுக்கொண்டே போகலாம். நல்ல புராஜெக்ட்தான்.

ஆனால் "நாங்கள் எஃப்பிஜிஏவில் எட்ஜ் டிடெக்‌ஷன் செய்தோம்" என்று மட்டும் எழுதினால் தேறாது. அது பல ஆண்டுகளாகப் பலரும் செய்தது. ரிவ்யூவர் கேட்பது, இதில் புதிதாக என்ன என்பதைத்தான். பின்னல் துணியின் இழையையும் விட்டுப்போன தையலையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி கண்டீர்களா? அதே வேலையை குறைந்த இடத்தில், குறைந்த மின்சாரத்தில் முடித்தீர்களா? அதை முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

அடுத்தது ஒப்பீடு. நிறைய பேர் சறுக்கும் இடம் இதுதான். "பழைய பேப்பரில் இத்தனை லுக்-அப் டேபிள், எங்களுடையதில் அதைவிடக் குறைவு" என்று ஒரு அட்டவணை போடுவார்கள். பழைய பேப்பர் விர்டெக்ஸ்-4 சிப்பில் செய்தது, இவர்கள் செய்ததோ அதற்குப் பிந்தைய சிப்பில். விர்டெக்ஸ்-4இல் ஒரு லுக்-அப் டேபிளுக்கு 4 உள்ளீடு. விர்டெக்ஸ்-5 முதல் 6 உள்ளீடு. பெரிய பெட்டியில் அடுக்கினால் பெட்டி எண்ணிக்கை குறையத்தானே செய்யும்? அதில் மாணவரின் திறமை எதுவும் இல்லை. ரிவ்யூவருக்கு இது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பழைய டிசைனையும் அதே சிப்பில் ஏற்றி, அதே சாஃப்ட்வேர் பதிப்பில் ஓட்டி ஒப்பிட வேண்டும். வேலை கூடுதல்தான், ஆனால் வேறு வழியில்லை.

சிமுலேஷனோடு நிறுத்திவிடுவதும் ஒரு குறை. போர்டில் ஓட்டினீர்களா, எந்த கிளாக் வேகத்தில், எவ்வளவு மெமரி, எத்தனை டிஎஸ்பி பிளாக் என்பதெல்லாம் எண்ணாக வர வேண்டும். மின்சாரக் கணக்கு சாஃப்ட்வேர் சொன்ன மதிப்பீடா, மீட்டர் வைத்து அளந்ததா என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

டெட்லைன் நம்ம ஊர் நேரத்தில் எப்போது?

ஒவ்வொரு மாநாடும் 'கால் ஃபார் பேப்பர்ஸ்' என்ற அறிவிப்பு வெளியிடும். தலைப்புகள், பக்க அளவு, தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். அதை நிதானமாக ஒருமுறை படித்தாலே பாதிக் குழப்பம் தீரும். சில மாநாடுகளில் இரண்டு தேதி இருக்கும். முதல் தேதிக்குள் தலைப்பும் சுருக்கமும் பதிவு செய்தவர்கள்தான் இரண்டாவது தேதியில் முழுக் கட்டுரையை ஏற்ற முடியும்.

தேதிக்குப் பக்கத்தில் 'ஏஓஇ' என்று இருந்தால் 'எனிவேர் ஆன் எர்த்' என்று அர்த்தம். பூமியில் எந்த மூலையிலாவது அந்தத் தேதி மிச்சம் இருக்கும் வரை நேரம் உண்டு. நம்ம கணக்கில், அக்டோபர் 1 என்று போட்டிருந்தால் அக்டோபர் 2 மாலை 5.29 மணி வரை. அதற்காக 5.25க்கு ஹாஸ்டல் வைஃபையை நம்பி உட்கார வேண்டாம். ஈஸிசேர், சிஎம்டி போன்ற தளங்களில் ஒருமுறை ஏற்றிய பிறகும் டெட்லைன் வரை புதிய பதிப்பை மாற்றி ஏற்றலாம். இரண்டு நாள் முன்பே ஒரு பதிப்பை ஏற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

பல மாநாடுகளில் 'டபுள் பிளைண்ட்' முறை. எழுதியவர் யார் என்று ரிவ்யூவருக்குத் தெரியக்கூடாது, ரிவ்யூவர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாது. முதல் பக்கத்தில் இருந்து பெயரையும் கல்லூரியையும் எடுத்தால் போதாது. நன்றி சொல்லும் பகுதி, "எங்கள் முந்தைய பேப்பரில்" என்ற வரி, கிட்ஹப் லிங்க், பிடிஎஃப் கோப்பின் உள்விவரம் என்று எல்லா இடத்திலும் பார்க்க வேண்டும். லேப் போர்டை போட்டோ எடுத்துப் போடும்போது பின்னால் கல்லூரி பெயர்ப்பலகை தெரிந்தால் அதுவும் தவறுதான். கோடு போட்ட இடைவெளியைக் குறைத்து, எழுத்தைச் சிறிதாக்கி பக்க அளவுக்குள் திணிப்பதும் படிக்காமலேயே திருப்பி அனுப்பக் காரணமாகலாம்.

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு மாநாட்டுக்கு அனுப்பக்கூடாது. ஏஐ கருவியை வைத்து எழுதியிருந்தால் ஐஇஇஇ விதிப்படி அதை நன்றிப் பகுதியில் சொல்ல வேண்டும்.

போலி மாநாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

2005இல் அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் மூன்று பேர், அர்த்தமே இல்லாத வாக்கியங்களைக் கோத்துக் கட்டுரை தயாரிக்கும் ஒரு சாஃப்ட்வேரை எழுதினார்கள். அது தயாரித்த பேப்பர் ஒன்றை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. விளையாட்டாகத் தொடங்கியது அதோடு நிற்கவில்லை. அதே சாஃப்ட்வேரில் பிறந்த 120க்கும் மேற்பட்ட கட்டுரைகள் ஸ்பிரிங்கர், ஐஇஇஇ வெளியீடுகளிலேயே இருப்பது தெரியவந்து, 2014இல் நீக்கப்பட்டன. ஆக, போஸ்டரில் பெரிய லோகோ இருப்பதை மட்டும் வைத்து நம்பிவிட முடியாது.

2019இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக 5 கோடி டாலருக்கும் அதிகமான தொகை செலுத்தும்படி தீர்ப்பளித்தது. ஒப்புக்கொள்ளாத விஞ்ஞானிகளின் பெயரைப் போட்டு மாநாட்டுக்கு விளம்பரம் செய்ததும் அந்த வழக்கின் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

மாணவர் செய்யக்கூடிய சோதனை எளிது. மாநாட்டின் போன வருடக் கட்டுரைகள் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். கம்ப்யூட்டர் துறைக்கு டிபிஎல்பி என்ற இலவசப் பட்டியல் உண்டு. ஐஇஇஇ தன் மாநாடுகளைத் தேட தன் தளத்திலேயே வசதி வைத்திருக்கிறது. குழுவில் உள்ள பேராசிரியர் தன் சொந்தப் பக்கத்தில் அந்த மாநாட்டைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். சிப், மருத்துவம், மேனேஜ்மென்ட், இலக்கியம் எல்லாம் ஒரே கூரையின் கீழ், மூன்றே நாளில் முடிவு, "ஸ்கோபஸ் நிச்சயம்" என்று வாக்குறுதி. இவை சேர்ந்து வந்தால் அந்த மெசேஜை அழித்துவிடலாம். நல்ல மாநாட்டில் முடிவு வர வாரங்கள் ஆகும், சமயத்தில் மாதங்களும் ஆகும்.

முடிவு வந்த பிறகு?

ரிஜெக்ட் என்றால் கூடவே ரிவ்யூவர்களின் குறிப்புகளும் வரும். அனுபவசாலிகள் மூன்று பேர் இலவசமாகப் படித்துச் சொன்ன கருத்து அது. திருத்தி அடுத்த மாநாட்டுக்கு அனுப்பலாம், அதில் எந்தத் தடையும் இல்லை.

ஏற்கப்பட்டால் செலவு தொடங்கும். ஒரு கட்டுரைக்குக் குறைந்தது ஒருவர் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். நேரில் போய்ப் பேச வேண்டும். போகாவிட்டால் கட்டுரையை ஐஇஇஇ டிஜிட்டல் நூலகத்தில் சேர்க்காமல் விடவும் வாய்ப்புண்டு. விஎல்எஸ்ஐ டிசைன் மாநாடு இந்திய மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஃபெல்லோஷிப் தருகிறது. அதற்குத் தனி விண்ணப்பம், தனி டெட்லைன். கட்டுரை வேலையில் மூழ்கி இதைத் தவறவிட்டுவிடக் கூடாது.

இறுதிப் பதிப்பை அனுப்பும்போது நம்மூர் மாணவர்களுக்கென்றே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அதுதான் இனிஷியல். படிவத்தில் 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ இருப்பது ஒரே பெயரும் அப்பா பெயரின் முதல் எழுத்தும்தான். முதல் பேப்பரில் இனிஷியலை முன்னால் போட்டு, அடுத்ததில் பின்னால் போட்டு, மூன்றாவதில் அப்பா பெயரை முழுசாக எழுதினால், தேடுபொறிக்கு அவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது "இது மூன்றும் நான்தான்" என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். ஆர்கிட் என்ற ஆய்வாளர் எண் இலவசம், சில நிமிடத்தில் வாங்கிவிடலாம். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே கட்டுரையிலும் போட்டுவிட்டால், பின்னாளில் வெளிநாட்டு மாநாட்டுக்கு விசா கேட்கும்போதும் அழைப்புக் கடிதத்தில் பெயர் இடிக்காது.