ராஜகுமாரன் அல்ல, கொல்லன் மகன்

இரண்டாம் பாகம் எடுப்பவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. முதல் பாகம் முடியும்போது நாயகன் எல்லாக் கலையும் கற்றுத் தேர்ந்திருப்பான். அதே ஆளை வைத்து அடுத்த கதையைத் தொடங்கினால் அவன் ஊதினாலே எதிரி விழுந்துவிடுவான். பிறகு விளையாட என்ன இருக்கிறது? ஆகவே பல ஆக்‌ஷன் விளையாட்டுகளில் நாயகன் தன் திறமையை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்து நிற்பான். எப்படித் தொலைத்தான் என்று நாம் கேட்கக்கூடாது.

2025 பிப்ரவரி 4ஆம் தேதி வெளிவந்த ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2’ அதற்கு ஒரு காரணம் சொல்கிறது. கொல்லன் மகன் ஹென்றி இப்போது ஒரு பிரபுவின் சேவகன். ஹேன்ஸ் கேப்பன் என்ற இளம் பிரபுவுக்குத் துணையாக, ட்ரோஸ்கி கோட்டைக்குக் கடிதம் கொண்டுபோகிறான். வழியில், குளக்கரையில் தங்கியிருக்கும்போது கொள்ளையர் பாய்கிறார்கள். கவசம், வாள், குதிரை, கடிதம் எல்லாம் போய்விடுகின்றன. படுகாயமடைந்த ஹென்றியை ஒரு மூலிகைக்காரப் பெண் காப்பாற்றுகிறார். எழுந்து நடக்கும்போது அவனிடம் எதுவும் இல்லை. கந்தல் உடையில் கோட்டை வாசலில் நின்று “நாங்கள் பிரபுவின் தூதர்கள்” என்றால் காவலர்கள் சிரிக்கத்தானே செய்வார்கள்?

நான் இதுவரை ஏறக்குறைய இருபது மணி நேரம் விளையாடியிருக்கிறேன். இந்த விளையாட்டைப் பொறுத்தவரை அது வாசற்படிதான். எனவே இதை முழு விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் சில வாரங்களின் அனுபவம், அவ்வளவே.

கதை நடப்பது 1403ல், இன்றைய செக் குடியரசின் பகுதியான போஹீமியாவில். மன்னர் வென்சஸ்லாசை அவருடைய மாற்றாந்தாய் சகோதரரும் ஹங்கேரி மன்னருமான சிகிஸ்மண்ட் சிறைப்பிடித்தது உண்மை வரலாறு. ஹென்றி கற்பனை. ஹேன்ஸ் கேப்பனோ அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒரு பிரபுவை வைத்து உருவாக்கப்பட்ட பாத்திரம். பின்னாளில் ஹுஸ்ஸைட் போர்களில் புகழ்பெற்ற ஒற்றைக்கண் தளபதி யான் ஷிஷ்காவும் கதையில் வருவார். நான் இன்னும் அவரைச் சந்திக்கவில்லை.

“என்ன சித்தி, மந்திரம் இல்லை, டிராகன் இல்லை, இதுல என்னதான் இருக்கு?” என்று கேட்டான் தேசிய சேவையில் இருக்கும் என் அக்கா மகன். வார இறுதியில் முகாமிலிருந்து வந்தால் என் வீட்டு சோபாவில்தான் இருப்பான். கேள்வி நியாயமானது. இந்த விளையாட்டில் பசிக்கும், தூக்கம் வரும், பையில் வைத்த உணவு அழுகிப்போகும். உடம்பில் அழுக்கும் ரத்தமும் படிந்திருந்தால் ஊர்மக்கள் முகம் சுளிப்பார்கள். குளியலகத்துக்குப் போய்க் குளித்து, துணியைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தால் அதே ஆட்கள் மரியாதையாகப் பேசுவார்கள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு இந்த விதி மட்டும் மிகவும் பிடித்துவிட்டது.

சண்டைக்கும் இதே கணக்குதான். தடித்த பஞ்சு உள்ளங்கி, அதன்மேல் வளையக் கவசம், அதன்மேல் இரும்புத் தகடு என்று அடுக்கடுக்காக அணிய வேண்டும். தகட்டுக் கவசம் போட்டவனை வாளால் வெட்டினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, தண்டாயுதம்தான் சரி. மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டால் கை ஓங்காது. இதைப் பார்த்ததும் அக்கா மகனின் முகம் மாறியது. முதுகில் பாரம் சுமந்து நடப்பவனுக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது கொல்லன் பட்டறை. முதல் பாகத்தில் ஹென்றி கொல்லன் மகன் என்பது பேச்சளவில்தான். இப்போது நாமே உலையில் இரும்பைக் காய்ச்சி, பட்டடையில் வைத்து, எந்த இடம் சிவந்திருக்கிறதோ அந்த இடத்தில் அடித்து, திருப்பிப்போட்டு அடித்து, ஆறிப்போனால் மறுபடி உலைக்குக் கொண்டுபோய், கடைசியில் நீரில் அமிழ்த்த வேண்டும். ஒரு குதிரை லாடத்துக்கு இத்தனை பாடு. சீரான தாளத்தில் அடித்தால் தரம் கூடுகிறது. காலை நிகழ்ச்சிக்காக விடியுமுன் எழுந்து, நாள் முழுக்கப் பேசிவிட்டு வரும் எனக்கு, யாரிடமும் பேசாமல் சுத்தியலைத் தட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடம் பெரிய சுகம்.

வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமிக்க முடியாது. சொந்தப் படுக்கையிலோ வாடகைப் படுக்கையிலோ தூங்க வேண்டும், அல்லது அதற்கென்றே உள்ள ஒரு சாராயத்தைக் குடிக்க வேண்டும். அதையும் நாமே காய்ச்சலாம். ஒயினில் காஞ்சொறியும் பெல்லடோனாவும் சேர்த்து, மணல்கடிகாரத்தைத் திருப்பிக் கொதிநேரத்தைக் கணக்கிட வேண்டும். வெளியேறும்போது மட்டும் ஆட்டம் சேமிக்கப்படுவதால், இரவு ஒரு மணி நேரம் கிடைப்பவர்களும் சமாளிக்கலாம். இந்தக் கட்டுப்பாடு சிலருக்கு எரிச்சலூட்டும். ஆனால் இருட்டுக் காட்டுவழியில் யாரோ வரும் சத்தம் கேட்கும்போது எனக்கு உண்மையாகவே நெஞ்சு அடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். செத்தால் அரை மணி நேர உழைப்பு போய்விடும்.

குறைகளும் இருக்கின்றன. தொடக்க மணிநேரங்களில் விளையாடுவதைவிடக் காட்சிகளைப் பார்ப்பதே அதிகம். மூன்று பேர் சுற்றி வளைத்தால் யாரைப் பார்த்து நிற்பது என்று பார்வை தடுமாறுகிறது. கைக்கருவியில் பூட்டுத் திறப்பது பெரும்பாடு. இதுவரை நான் பார்த்த அளவில், கதையை நகர்த்துபவர்கள் எல்லாரும் ஆண்கள். 1403 அப்படித்தான் என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த மூலிகைக்காரப் பெண்ணோடு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றியது.

குரலை வைத்துப் பிழைப்பவள் என்பதால் ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. ஆங்கிலத்தில் ஹென்றிக்கு டாம் மெக்கே, ஹேன்சுக்கு லூக் டேல். இருவரும் முதல் பாகத்திலிருந்தே தொடர்பவர்கள். சேவகனும் பிரபுவும் நண்பர்களாகிக்கொண்டிருப்பதை அவர்கள் பேச்சின் ஏற்ற இறக்கத்திலேயே கேட்கலாம். ஐந்தாறு மணி நேரத்துக்குப் பிறகு அமைப்புகளுக்குப் போய்க் குரலைச் செக் மொழிக்கு மாற்றினேன். ஒரு சொல் புரியவில்லை, ஆங்கில வசனவரிதான் கைகொடுத்தது. ஆனால் உணவக உரிமையாளர் திட்டுவது திட்டுவதுபோல் இருந்தது. ஆங்கிலத்தில் எல்லாரும் எங்கோ இங்கிலாந்துக் கிராமத்தில் இருப்பதுபோல்தான் எனக்குக் கேட்டது.

பிராக் நகரின் வார்ஹார்ஸ் நிறுவனம் 2014ல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் 1.1 மில்லியன் பவுண்டுக்கு மேல் திரட்டித்தான் முதல் பாகத்துக்கு வழிசெய்துகொண்டது. அது 2018ல் வந்தபோது, தங்கள் நாட்டுக் கதையாக இருந்தும் அதில் செக் மொழிக் குரல் இல்லை. இரண்டாம் பாகத்தில் முழுவதுமாக இருக்கிறது. செக் குடியரசின் மக்கள்தொகை 11 மில்லியனைக்கூடத் தொடவில்லை. விளையாட்டோ முதல் நாளிலேயே ஒரு மில்லியன் பிரதிகளுக்கு மேல் விற்றது. சின்ன மொழி என்று ஒதுக்காமல் செலவழித்திருக்கிறார்கள். தமிழ் பேசுவோர் எத்தனை கோடி என்று அக்கா மகன் கைப்பேசியில் தேட ஆரம்பித்தான். நான் சுத்தியலை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கவனம். ஐரோப்பிய வயதுத் தரப்படி இது 18 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. ரத்தம், குடி, கெட்ட வார்த்தை, பாலியல் காட்சிகள் எல்லாம் உண்டு. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்/எஸ், கணினி ஆகியவற்றில் விளையாடலாம். முதல் பாகம் தெரியாதவர்களும் நேரடியாக இதிலேயே தொடங்கலாம், தேவையான பழைய கதையை உரையாடல்களில் சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டாவது பெரிய நிலப்பரப்பான குட்டன்பர்க் இன்னும் எனக்குத் திறக்கவில்லை. இன்று குட்னா ஹோரா என்று அழைக்கப்படும் அந்த வெள்ளிச் சுரங்க நகரம் 1995 முதல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் இருக்கிறது. பிராக் குரோஷன் வெள்ளி நாணயம் அடித்த அரச நாணயச்சாலை அங்கேதான். 1388ல் கட்டத் தொடங்கிய புனித பார்பரா தேவாலயம், விளையாட்டில் சாரத்தோடு அரைகுறையாக நிற்கிறதாம். அதைப் பார்ப்பதற்குமுன் ஒரு பிரபு வீட்டுத் திருமணத்துக்குள் நுழைந்தாக வேண்டும். அழைப்புப் பெற இரண்டு வழிகள்: மாவு ஆலைக்காரனோடு சேர்ந்து திருடலாம், அல்லது கொல்லனிடம் வேலை செய்யலாம். நான் கொல்லனிடம் சேர்ந்திருக்கிறேன்.