முதலில் ரத்தம், பிறகு மாத்திரை

குளிர் நடுக்கம், கொதிக்கும் காய்ச்சல், பிறகு வியர்த்துத் தணிதல் என்று பாடநூல்கள் மலேரியாவை வர்ணிக்கின்றன. நோயாளிகள் அப்படி வரிசையாக வருவதில்லை. டெங்கு, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் எல்லாம் முதல் சில நாள்களில் ஏறக்குறைய ஒரே முகத்தைக் காட்டும். ரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்தால்தான் மலேரியாவை உறுதிசெய்ய முடியும்.

இந்தியாவில் நெடுங்காலம் நடைமுறை வேறாக இருந்தது. காய்ச்சல் என்று சொன்னவரின் விரலில் குத்தி ஸ்லைடு எடுப்பார்கள். முடிவுக்குக் காத்திராமல் அங்கேயே குளோரோகுயின் மாத்திரையும் கொடுத்துவிடுவார்கள். ஸ்லைடு ஆய்வகத்துக்குப் போய் முடிவு திரும்பப் பல நாள்கள் பிடித்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் 2010இல் நாட்டில் சோதிக்கப்பட்ட ரத்த மாதிரிகள் ஏறத்தாழ 10 கோடி. மலேரியா உறுதியானவை சுமார் 16 லட்சம். நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மற்ற காய்ச்சல்களைக் குளோரோகுயின் தீர்க்காது. மருந்து கொடுத்தாயிற்று என்ற நிம்மதியில் உண்மையான நோயைத் தேடாமல் விடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. அதே 2010இல், எல்லா வயதினருக்கும் பரிசோதனைக்குப் பிறகே சிகிச்சை என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இந்தியாவின் 2013 மருந்துக் கொள்கையும் ஊகத்தின் பேரில் குளோரோகுயின் கொடுப்பதைக் கைவிடச் சொன்னது.

ஒட்டுண்ணியை முதன்முதலில் ரத்தத்தில் கண்டவர் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லாவெரான், ஆண்டு 1880. இன்றும் நுண்ணோக்கியே அளவுகோல். ஒரே நோயாளியிடமிருந்து இரண்டு பூச்சுகள் எடுக்கப்படுகின்றன. தடித்த பூச்சில் பல அடுக்கு ரத்தம் இருப்பதால் ஒட்டுண்ணி குறைவாக இருந்தாலும் சிக்கும். மெல்லிய பூச்சில் சிவப்பணுக்கள் உடையாமல் இருப்பதால் இனம் தெரியும்: ஃபால்சிபாரத்தின் பாலணுக்கள் வாழைப்பழம் போல வளைந்திருக்கும், வைவாக்ஸ் புகுந்த சிவப்பணு ஊதிப் பெரிதாகியிருக்கும். ஜீம்சா சாயமேற்றி, குறைந்தது நூறு பார்வைப் புலங்களைத் தேடிய பிறகே 'இல்லை' என்று எழுதலாம். இது பழகிய கண் வேண்டிய வேலை. அவசரப்பட்டால் பிழை வரும்.

மின்சாரமும் நுண்ணோக்கியும் இல்லாத மலைக்கிராமத்தில் ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளரின் கையில் இருப்பது விரைவுப் பரிசோதனை அட்டை. ஒரு சொட்டு ரத்தமும் கரைசலும் விட்டால் பதினைந்து, இருபது நிமிடங்களில் கோடு தெரியும். ஒட்டுண்ணி வெளியிடும் புரதத்தை அட்டையில் பதித்த எதிர்ப்பொருள் பிடித்துக்கொள்வதால் உண்டாகும் கோடு அது. ஃபால்சிபாரத்துக்கு அடையாளமான எச்ஆர்பி2 என்ற புரதம், நோய் தீர்ந்து வாரக்கணக்கில் ரத்தத்தில் நீடிக்கும். எனவே அண்மையில் சிகிச்சை பெற்றவருக்குக் கோடு வந்தால் நுண்ணோக்கியில்தான் உறுதிசெய்ய வேண்டும். அந்தப் புரதத்துக்கான மரபணுவையே இழந்த ஒட்டுண்ணிகளும் உண்டு. பெருவின் அமேசான் பகுதியில் இவை இருப்பது 2010இல் வெளியானது. பின்னர் எரித்திரியாவிலும் இவற்றால் அட்டைகள் பொய்த்தன.

எந்த இனம் என்று தெரியாமல் மருந்தை முடிவுசெய்ய முடியாது. ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து. வைவாக்ஸுக்கு இந்தியாவில் மூன்று நாள் குளோரோகுயினும், கல்லீரலில் உறங்கும் வடிவங்களை அழிக்க 14 நாள் பிரைமாகுயினும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களைப் பிரைமாகுயின் சிதைக்கக்கூடும் என்பதால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க இயலாது.

பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தால் மலேரியா மருந்தைத் தவிர்த்து, காய்ச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டும். காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், ஏனெனில் தொடக்கத்தில் ஒட்டுண்ணி எண்ணிக்கை கண்ணுக்கு அகப்படாத அளவில் இருக்கலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. நினைவு தப்பியோ வலிப்பு கண்டோ வரும் நோயாளிக்கு மலேரியா என்ற சந்தேகம் இருந்து, இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு கிடைக்க வழியில்லையென்றால், ரத்த மாதிரியை எடுத்து வைத்துக்கொண்டு ஆர்ட்டிசுனேட் ஊசியைத் தொடங்கிவிடலாம்.