இறுங்குப் பயிரும் புற்களைகளும்

பயிரினிடையே தோன்றும் களைகளுள் அப்பயிரின் குடும்பத்தைச் சேர்ந்தனவே உழவனுக்குப் பெருந்தொல்லை விளைப்பன. நெல்லைப் போன்ற புல்லை நெல்வயலில் இளமையிற் பிரித்தறிதல் எத்துணை அரிதென்பதை நம்மவர் நன்கறிவர். சோளம் என்னும் பெயர் இன்று நம் நாட்டில் மக்காச்சோளத்தையே பெரிதுங் குறிப்பதால், ஈண்டுக் கூறப்படும் தானியத்தை இறுங்கு என்றே வழங்குவோம். ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ், தெக்சாஸ் மாநிலங்களிலுள்ள வறண்ட சமவெளிகளில் அது பேரளவில் விளைகின்றது.

அகன்ற இலைக் களைகளை அழிக்க மருந்துகள் பல உள. புல்லைக் கொல்லும் மருந்தோ இறுங்கையுங் கொல்லும். இறுங்கும் ஒரு புல்லன்றோ! ஆதலின் உழவர் நெடுங்காலமாகக் களை முளைக்குமுன் மண்ணில் இடும் மெற்றலக்குளோர் போன்ற மருந்துகளையே பெரும்பாலும் நம்பியிருந்தனர். அதற்கும் இறுங்கு விதைக்கு முன்னரே காப்பு மருந்து பூசவேண்டும். மேலும், இட்ட மருந்து மழைநீரோடு மண்ணுட் சென்றாலன்றிப் பயன் தராது. மழை பொய்த்தால் மருந்தும் பொய்க்கும்.

இவ்விடரை நீக்கும் வழி ஒரு களையிலிருந்தே கிடைத்தமை கருதற்பாலது. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், களைகொல்லியாற் சாகாத காட்டிறுங்கினின்றும் அத்தன்மையை இனக்கலப்பினாற் பயிரிறுங்குக்கு மாற்றினர். வலீன், இலியூசீன், ஐசோலியூசீன் என்னும் அமினோவமிலங்களை ஆக்குதற்குத் தாவரத்துக்கு ஒரு நொதியம் இன்றியமையாதது. நிக்கோசல்பியூரன், இமசமொக்ஸ் என்னும் மருந்துகள் அந்நொதியத்திற் பொருந்தி அதன் தொழிலைத் தடுப்பன. பரம்பரையலகில் நேரும் சிறு விகாரத்தால் நொதியத்தின் வடிவம் சற்றே மாறின், மருந்து அதிற் பொருந்தாது, செடி பிழைக்கும். காட்டிறுங்கு தந்த தன்மை நிக்கோசல்பியூரனைத் தாங்குவது. இமசமொக்சைத் தாங்கும் இனம், விதைகளில் விகாரத்தைத் தூண்டிப் பெறப்பட்டது. கொழுப்பமில ஆக்கத்தைத் தடுக்கும் குயிசலோபொப் என்னும் மருந்தைத் தாங்கும் இனமும் உண்டு. பின்னிரண்டும் 2021 ஆம் ஆண்டளவில் அமெரிக்க உழவர் கைக்கு வந்தன. இவற்றுள் எதனிலும் பிறவுயிரின் பரம்பரையலகு புகுத்தப்படவில்லை.

ஓரினம் தாங்கும் மருந்தை மற்றோரினம் தாங்காது. விதையை மாற்றி விதைத்தவன், அல்லது காற்றோடு மருந்தை அயல்வயலுக்குப் போகவிட்டவன், ஒரே தெளிப்பிற் பயிரை இழக்க நேரும். களை ஏறக்குறைய 4 அங்குலத்தைத் தாண்டுமுன் தெளித்தலும் வேண்டும். வளர்ந்த புல் வாடியபின் மீண்டுந் தளிர்க்கும். தெளித்த சில நாளில் வளர்ச்சி நின்றுவிடினும், புல் முற்றாக மடியச் சில கிழமைகள் செல்லும். பொறுமையிழந்து மறுபடி தெளித்தல் வீண்செலவு. குயிசலோபொப் அகன்ற இலைக் களைகளைத் தீண்டாது. அவற்றுக்குரிய 2,4-டி என்னும் மருந்தை அதனோடு கலந்து தெளித்தாற் புல்லைக் கொல்லும் ஆற்றல் குன்றும். எனவே இரண்டையும் வெவ்வேறு நாளில் தெளிப்பதே தக்கது.

இவற்றினும் பெரிய இடர் மகரந்தத்தால் வருவது. கதிர் உதிர்க்கும் காட்டிறுங்கு பயிரிறுங்கின் இனமே. இரண்டுக்கும் நிறமூர்த்தங்கள் 20. அவை எளிதிற் கலந்து வளமான விதை தரும். ஜோன்சன் புல்லுக்கு நிறமூர்த்தங்கள் 40 ஆதலின் கலப்பு அரிது, எனினும் நிகழாததன்று. அப்புல்லோ நிலத்தின்கீழ்ப் படரும் தண்டினாலும் பெருகுவது. களையிலிருந்து பெற்ற தன்மை களைக்கே மீளுமாயின், மருந்தும் பயனற்றுப்போம், சிறப்பு விதைக்கு ஈந்த பணமும் வீணாம். ஒரே வகை மருந்தை ஆண்டுதோறும் தெளித்தலும், கலப்பின்றியே, அந்நிலையை விரைவில் உண்டாக்கும். நிக்கோசல்பியூரன் வகை மருந்துகளுக்குச் சாகாத காட்டிறுங்கு 1990 ஆம் ஆண்டுகளிலேயே கன்சாஸ், நெபிராஸ்கா மாநிலங்களிற் காணப்பட்டது. புதிய இனம் விற்பனைக்கு வருமுன்னரே நிகழ்ந்தது இது. ஆகவே அடுத்த போகத்திற் சோயா போன்ற வேறு பயிரை விதைத்து வேறு வகை மருந்தைக் கையாளும்படியும், வயலிலும் வேலியோரத்திலும் நிற்கும் காட்டிறுங்கையும் ஜோன்சன் புல்லையும் பூக்குமுன் அழிக்கும்படியும் அங்குள்ள உழவருக்கு அறிவுறுத்தப்படுகின்றது. பின்னதற்கு மண்வெட்டியே போதும். ஆயினும் வேலியின் மறுபுறம் அயலானுடையதாயின், அவனும் உடன்பட்டாலன்றி அது கைகூடாது.