400 யூனிட் எல்லையைத் தாண்டினால் என்னவாகும்? வீட்டு மின்கட்டணத்தைப் புரிந்துகொள்வதும் குறைப்பதும்

புது தில்லி: மின்பயன்பாட்டை 15 சதவீதம் குறைத்தால் கட்டணமும் 15 சதவீதம் குறையும் என்றே பெரும்பாலான குடும்பங்கள் கருதுகின்றன. ஆனால், நாட்டின் பல மாநிலங்களில் நடைமுறையில் உள்ள படிநிலைக் கட்டண முறையில் இந்தக் கணக்கு பொருந்துவதில்லை. குறிப்பாகத் தலைநகர் தில்லியில், மாதம் 400 யூனிட் என்ற எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள இரு வீடுகளுக்கு இடையே 20 யூனிட் வேறுபாடே இருந்தாலும், கட்டணம் இரு மடங்குக்கு மேல் மாறுபடக்கூடும்.

எனவே, மின்கட்டணத்தைக் குறைக்க விரும்பும் குடும்பம் முதலில் அறிய வேண்டியவை இரண்டு. தனது பயன்பாடு எந்த எல்லைக்கு அருகில் நிற்கிறது? அந்த எல்லையைத் தாண்டச் செய்யும் சாதனம் எது?

யூனிட் என்பது என்ன?

ஆயிரம் வாட் திறனுள்ள ஒரு சாதனம் ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட். சாதனத்தின் வாட் அளவை அது இயங்கும் மணி நேரத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் கிடைக்கும். 75 வாட் மின்விசிறி 12 மணி நேரம் சுழன்றால் 0.9 யூனிட் செலவாகும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு அதே 12 மணி நேரம் எரிந்தால் 0.11 யூனிட்டுக்கும் குறைவாகவே செலவாகும்.

அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைப்பது நல்ல பழக்கம்தான். எனினும், பழைய 60 வாட் குண்டு பல்புகளின் இடத்தை எல்.இ.டி. விளக்குகள் பிடித்துவிட்ட பிறகு, அதனால் மிச்சமாகும் மின்சாரம் மிகவும் குறைந்துவிட்டது. 2015 ஜனவரியில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் உஜாலா திட்டத்தின் கீழ் மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் விநியோகிக்கப்பட்டுள்ளன. இன்று மின்கட்டணத்தை உயர்த்துபவை பெரும்பாலும் விளக்குகள் அல்ல.

படிநிலைக் கட்டணம் எவ்வாறு செயல்படுகிறது?

தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021-22-ஆம் ஆண்டுக்கு அறிவித்த வீட்டுக் கட்டணப் பட்டியலின்படி, முதல் 200 யூனிட்டுகளுக்கு யூனிட் ஒன்றுக்கு 3 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50 ரூபாய். 401 முதல் 800 வரை 6.50 ரூபாய். அதற்கு மேல் 7 ரூபாய், 8 ரூபாய் என விகிதம் உயர்கிறது.

இத்துடன் தில்லி அரசின் மானியமும் சேர்கிறது. 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, மாதம் 200 யூனிட் வரை பயன்படுத்துவோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. 201 முதல் 400 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு, அதிகபட்சம் 800 ரூபாய் என்ற வரம்புடன் 50 சதவீத மானியம் உண்டு. 400-ஐத் தாண்டினால் மானியம் முழுவதும் நின்றுவிடும். 2022 அக்டோபர் முதல், மானியம் கோரி விண்ணப்பித்தவர்களுக்கே அது வழங்கப்படும் முறை கொண்டுவரப்பட்டது.

இந்த விகிதங்களை இரு வீடுகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். 390 யூனிட் பயன்படுத்தும் வீட்டின் எரிசக்திக் கட்டணம் 1,455 ரூபாய். மானியம் போக அது சுமார் 728 ரூபாயாகும். 410 யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்கு மானியம் இல்லை. அது 1,565 ரூபாய் முழுவதையும் செலுத்த வேண்டும். கூடுதலாகச் செலவான 20 யூனிட்டுகளின் விலை, உண்மையில் சுமார் 837 ரூபாய். நிலைக் கட்டணம், கூடுதல் கட்டணங்கள், மின்வரி ஆகியவை இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

எல்லைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் 2022-23-ஆம் ஆண்டின் சராசரிப் பயன்பாட்டுடன் 10 சதவீதம் சேர்த்து, 200 யூனிட்டுக்கு மிகாமல் இலவச அளவு வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்பட்டு, முதல் 100 யூனிட்டுகளுக்குக் கட்டணம் வசூலிக்கப்படுவதில்லை. தமது மாநிலத்தின் எல்லை எது என்பதை நுகர்வோர் முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

ஒரு குடும்பத்தின் ஜூன் மாதக் கணக்கு

தில்லியில் நால்வர் வாழும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இரவில் 8 மணி நேரம் இயங்கும் 1.5 டன் ஏசி, மணிக்குச் சராசரியாக 0.9 யூனிட் எடுத்தால் மாதத்துக்கு 216 யூனிட். தலா 75 வாட் திறனுள்ள நான்கு மின்விசிறிகள் நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் 108 யூனிட். குளிர்சாதனப் பெட்டிக்கு 30 யூனிட். ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் தினமும் 40 நிமிடம் ஓடினால் 15 யூனிட். தொலைக்காட்சிக்கு 12, விளக்குகளுக்கு 10, துணி துவைக்கும் இயந்திரம், மிக்சி, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றுக்கு 15. நாள் முழுவதும் மின்இணைப்பிலேயே இருக்கும் செட்டாப் பாக்ஸ், இணைய ரவுட்டர் ஆகியவற்றுக்கு 15.

மொத்தம் 421 யூனிட். குடும்பம் எல்லையை 21 யூனிட்டால் தாண்டிவிட்டது. எரிசக்திக் கட்டணம் சுமார் 1,637 ரூபாய், மானியம் இல்லை.

இதே குடும்பம் மூன்று மாற்றங்களைச் செய்வதாகக் கொள்வோம். முதலாவது, ஏசியை 22 டிகிரியில் வைக்காமல் 24 டிகிரியில் வைப்பது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணிப்பு. இதனால் சுமார் 26 யூனிட் குறையும். இரண்டாவது, அதிக நேரம் சுழலும் இரு மின்விசிறிகளை 30 வாட் அளவில் இயங்கும் பி.எல்.டி.சி. மின்விசிறிகளாக மாற்றுவது. இதனால் 32 யூனிட் குறையும். மூன்றாவது, செட்டாப் பாக்ஸைப் பார்க்காத நேரத்தில் சுவிட்சிலேயே அணைப்பது. இதனால் சுமார் 5 யூனிட் குறையும்.

பயன்பாடு 358 யூனிட்டாக இறங்குகிறது. எரிசக்திக் கட்டணம் 1,311 ரூபாய்; மானியம் போகச் சுமார் 656 ரூபாய். பயன்பாட்டில் குறைந்தது 15 சதவீதம். கட்டணத்தில் குறைந்தது ஏறத்தாழ 60 சதவீதம். ஏசியைக் கைவிடாமலேயே இது சாத்தியமாகிறது.

நாள் கணக்கு உதவும்

மாத இறுதியில் பில் வந்த பிறகு எதையும் மாற்ற இயலாது. 400 யூனிட்டை 30 நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்குச் சுமார் 13 யூனிட். வாரத்துக்குச் சுமார் 93 யூனிட். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் மீட்டர் அளவைக் குறித்து வந்தால், எல்லையை நோக்கிய பயணத்தைக் குடும்பம் முன்னதாகவே அறிந்துகொள்ளலாம்.

மின்னணு மீட்டரில் விட்டுவிட்டு ஒளிரும் சிவப்பு விளக்கும் பயனுள்ள கருவியே. ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை ஒளிரும் என்பது மீட்டரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3,200 முறை என்று குறிக்கப்பட்ட மீட்டரில், ஒரு நிமிடத்தில் 16 முறை ஒளிர்ந்தால் வீடு அப்போது 300 வாட் மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது என்று பொருள். வீட்டில் உள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பையும் எடுத்த பிறகும் அது ஒளிர்ந்துகொண்டிருந்தால், கவனிக்கப்படாத சாதனம் ஒன்று இயங்குகிறது அல்லது வயரிங்கில் மின்கசிவு இருக்கக்கூடும். மின்கசிவு உயிருக்கு ஆபத்தானது என்பதால், தகுதியுள்ள மின்பணியாளரை அழைத்துச் சோதிக்க வேண்டும்.

நட்சத்திரக் குறியீட்டில் கவனிக்க வேண்டியவை

சாதனங்களுக்கு நட்சத்திரக் குறியீடு வழங்கும் திட்டத்தை எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் தொடங்கியது. ஏசி வாங்குவோர் நட்சத்திரங்களின் எண்ணிக்கையுடன் நின்றுவிடாமல், ஒட்டுத்தாளில் உள்ள ஆண்டு மின்நுகர்வு அளவையும் அது எந்த ஆண்டுக்குரியது என்பதையும் பார்க்க வேண்டும். தர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதே இதற்குக் காரணம். 2022 ஜூலை மாற்றத்தின்போது அதுவரை 5 நட்சத்திரம் பெற்றிருந்த ஏசிகள் 4 நட்சத்திரத்துக்கு இறங்கின.

ஒட்டுத்தாளில் உள்ள மின்நுகர்வு, ஏசி ஆண்டுக்கு 1,600 மணி நேரம் இயங்கும் என்ற அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. ஆண்டுக்கு 400 மணி நேரமே ஏசி பயன்படுத்தும் வீட்டில், விலை கூடிய 5 நட்சத்திரச் சாதனத்தின் கூடுதல் விலையை மீட்கப் பல ஆண்டுகள் ஆகும். தினமும் 10 மணி நேரம் பயன்படுத்தும் வீட்டிலோ அது விரைவில் மீண்டுவிடும்.

மின்விசிறிக்கான நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஆண்டில் எட்டு மாதங்கள், நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழலும் ஒரு மின்விசிறியை பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால் சுமார் 130 யூனிட் மிச்சமாகும். யூனிட்டுக்கு 6.50 ரூபாய் செலுத்தும் வீட்டுக்கு இது ஆண்டுக்குச் சுமார் 840 ரூபாய்.

குளிர்காலச் செலவு

வட இந்தியாவில் குளிர்காலத்திலும் மின்கட்டணம் உயர்கிறது. அதற்குக் காரணம் தண்ணீர் சூடாக்கும் கீசர். 15 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவை. நால்வர் அடுத்தடுத்துக் குளித்தால் தினமும் 2 யூனிட் வரை செலவாகும். நாள் முழுவதும் கீசரை அணைக்காமல் விட்டால், ஆறும் தண்ணீரை மீண்டும் மீண்டும் சூடாக்க மின்சாரம் வீணாகும். குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, குளித்து முடித்ததும் அணைப்பதே சிறந்தது.

நிலைக் கட்டணமும் வாடகை வீடும்

பயன்பாட்டைக் குறைத்தும் குறையாத பகுதி நிலைக் கட்டணம். இது அனுமதிக்கப்பட்ட மின்சுமையைப் பொறுத்தது. தில்லியின் மேற்கண்ட பட்டியலில் 2 கிலோவாட்டுக்கு மேல் 5 கிலோவாட் வரை, கிலோவாட்டுக்கு மாதம் 50 ரூபாய். 5-க்கு மேல் 15 வரை 100 ரூபாய். 5 கிலோவாட் இணைப்புக்கு 250 ரூபாய் எனில், 6 கிலோவாட் இணைப்புக்கு 600 ரூபாய். பில்லில் பதிவாகும் அதிகபட்சத் தேவை ஆண்டு முழுவதும் அனுமதிக்கப்பட்ட சுமையைவிடக் குறைவாகவே இருந்தால், சுமையைக் குறைக்கக் கோரி மின்விநியோக நிறுவனத்திடம் விண்ணப்பிக்கலாம்.

ஒரே மீட்டரில் பல குடும்பங்கள் இருக்கும் வீடுகளில் எல்லோருடைய பயன்பாடும் ஒன்றாகக் கூட்டப்படுகிறது. தலா 180 யூனிட் பயன்படுத்தும் மூன்று குடும்பங்கள் தனித்தனி மீட்டரில் இருந்தால் தில்லியில் கட்டணமே இல்லை. ஒரே மீட்டரில் 540 யூனிட்டாகப் பதிவானால் மானியமே இல்லை. இதனால் பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் வாடகைதாரர்கள். அவர்கள் தனி மீட்டர் பெறுவதற்கான திட்டத்தைத் தில்லி அரசு 2019-இல் அறிவித்தது.

பயனற்ற சாதனங்கள்

சுவிட்ச் பலகையில் செருகினால் கட்டணம் பாதியாகும் என்று கூறி விற்கப்படும் சிறு பெட்டிகளை நுகர்வோர் நம்ப வேண்டியதில்லை. இவற்றில் பெரும்பாலும் ஒரு மின்தேக்கியே இருக்கும். யூனிட் அடிப்படையில் கட்டணம் செலுத்தும் வீடுகளில் அது மீட்டர் பதிவைக் குறைக்காது.

நேரமும் இனி முக்கியம்

நாட்டின் மின்தேவை 2024 மே 30 அன்று 2.5 லட்சம் மெகாவாட்டை எட்டியது. உச்சத் தேவை நேரத்தின் சுமையைக் குறைக்கும் நோக்கில், மின்நுகர்வோர் உரிமை விதிகளில் 2023 ஜூனில் திருத்தம் செய்யப்பட்டது. அதன்படி, சூரியஒளி மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் தாழ்வாகவும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட இணைப்புகளுக்கு இது பொருந்தும்; மாநில ஆணையங்களே நேரங்களை வரையறுக்கும். இம்முறை நடைமுறைக்கு வரும் இடங்களில், மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றைப் பகலில் இயக்குவது ஆதாயம் தரும்.

சொந்தக் கூரை உள்ளவர்களுக்கு மற்றொரு வழியும் உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் என அதிகபட்சம் 78,000 ரூபாய் மத்திய மானியம் வழங்கப்படுகிறது. எனினும், முதலில் பயன்பாட்டைக் குறைத்துவிட்டு, அதன் பின்னர் தேவைக்கேற்ற அளவில் சூரியத் தகடு அமைப்பதே செலவைக் குறைக்கும்.

வாடகை வீட்டில் வசிப்போருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பினருக்கும் அந்த வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. வாரந்தோறும் மீட்டரைப் பார்ப்பதும், எல்லையை நெருங்கும் வாரத்தில் ஏசியையும் மின்விசிறியையும் முதலில் கவனிப்பதும் எந்தச் செலவும் இல்லாமல் எல்லோராலும் தொடங்கக்கூடியவை.