நாலு கூம்புக்குள் நடக்கும் உழைப்பு

ஜெர்மனியில் ஆறு வயதுக் குழந்தைகளின் கால்பந்து இப்போது வேறு மாதிரி இருக்கிறது. 2024–25 பருவத்திலிருந்து அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் கடைக்குட்டிகளுக்கு இருவர் அல்லது மூவர் ஆட்டத்தையே விதியாக்கிவிட்டது. சின்ன மைதானம், நான்கு குட்டி கோல்கள். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு ஐவர் ஆட்டம், அதன் பிறகு எழுவர் ஆட்டம் என்று படிப்படியாக ஏற வேண்டும். சிறு வயதுப் பிரிவுகளில் புள்ளிப்பட்டியலும் கிடையாது.

இதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. பொருசியா டார்ட்மண்ட் கிளப்பின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹான்ஸ்-யோவாகிம் வாட்ஸ்கே 2023-இல் வெளிப்படையாகவே கண்டித்தார். தோல்வியின் வலி தெரியாமல் வளரும் பிள்ளைக்கு ஜெயிக்கும் வெறி எங்கிருந்து வரும் என்பது அவர் கவலை. பெரிய மைதானத்தில் பந்து எப்போது வரும் என்று காத்து நிற்பதைவிட, சின்ன மைதானத்தில் நிமிடத்துக்கு நிமிடம் பந்தைத் தொடுவதே பிள்ளைகளை வளர்க்கும் என்றார்கள் சீர்திருத்தத்தை ஆதரித்தவர்கள். விவாதம் முழுக்க மனசையும் திறமையையும் சுற்றியே ஓடியது. அந்தச் சின்ன மைதானம் பிள்ளையின் உடம்பிடம் என்ன கேட்கிறது என்பது அதிகம் பேசப்படவில்லை. ஆனால் விளையாட்டு அறிவியலில் இருபது வருடங்களுக்கு மேலாக அளந்து பார்க்கப்பட்ட விஷயம் அது.

முதலில் இடக் கணக்கு. முழு மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 22 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு சுமார் 325 சதுர மீட்டர். அதே மைதானத்தின் ஒரு மூலையில் கூம்புகளை வைத்து 40-க்கு 30 மீட்டர் கட்டம் கட்டி, நாலுக்கு நாலு ஆடவிட்டால் தலைக்கு 150 சதுர மீட்டர்தான். இடம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. பந்து எந்நேரமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒளிந்து நிற்க இடமில்லை.

ஒன்பது வயதுக்குட்பட்ட சிறுவர்களை நாலுக்கு நாலும் எட்டுக்கு எட்டும் ஆடவிட்டு, மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் ரிக் ஃபெனோக்லியோ ஒப்பிட்டார். 2000-களின் தொடக்கத்தில் மான்செஸ்டர் யுனைடெட் அகாடமி நடத்திய முயற்சி அது. நால்வர் ஆட்டத்தில் பாஸ்கள் 135 சதவீதம் கூடுதல். எதிராளியை ஒற்றைக்கு ஒற்றை சந்திக்கும் தருணங்கள் 225 சதவீதம் கூடுதல். ஒவ்வொரு சந்திப்பும் ஒரு திரும்பல், ஒரு நிறுத்தம், ஒரு பாய்ச்சல். அத்தனைக்கும் கணக்கு உடம்பில் எழுதப்படுகிறது.

அப்படி ஒரு நான்கு நிமிடச் சுற்றை அருகிலிருந்து பார்க்கலாம். விசில் ஊதியதும் பதினான்கு வயதுப் பையன் பந்தை நோக்கிப் பாய்கிறான். முதல் சில நொடிகளுக்குத் தசையில் தயாராக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் போதும். பந்து பறிபோகிறது, திரும்பித் துரத்துகிறான், அடுத்த ஆளை மறிக்கிறான். இருப்பு கரைகிறது. இதயம் மளமளவென்று ஏறுகிறது. அவனுடைய உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 200 என்றால், இரண்டாம் நிமிடத்துக்குள் 180-ஐ நெருங்கிவிடலாம். பிறகு இறங்கவே வாய்ப்பில்லை, ஏனென்றால் நடந்துபோய் மூச்சு வாங்க இந்தக் கட்டத்தில் இடமே இல்லை. பந்து வெளியே போனால்தான் இடைவெளி. அதனால்தான் அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் கோட்டைச் சுற்றி உதிரிப் பந்துகளை வைத்துக்கொண்டு, ஒன்று வெளியே போனதும் அடுத்ததை உள்ளே தள்ளுகிறார்கள்.

வெறும் ஓட்டப் பயிற்சிக்கு இது ஈடாகுமா என்ற சந்தேகம் நியாயமானதே. ஃபிராங்கோ இம்பெல்லிசெரி தலைமையிலான குழு 2006-இல் அதைச் சோதித்தது. 40 இளம் வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு விட்டுவிட்டு வேகமாக ஓடும் பயிற்சி, மறு பாதிக்குப் பந்தோடு சிறு ஆட்டம். இரண்டு குழுக்களுக்கும் ஒரே அளவுதான்: வாரத்துக்கு இரண்டு முறை, நான்கு நிமிடமாக நான்கு சுற்றுகள், உச்சத் துடிப்பில் 90 முதல் 95 சதவீதம், நடுவே மூன்று நிமிட இளைப்பாறல். 12 வாரம் கழித்துப் பார்த்தால் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் இரு தரப்பிலும் உயர்ந்திருந்தது, குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மைதானத்தைச் சுற்றி ஓடவைத்து எத்தனையோ பிள்ளைகளை இந்த விளையாட்டையே வெறுக்க வைத்திருக்கிறோம். அதே பலன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டே கிடைக்கும் என்பது மிக நல்ல செய்தி.

ஆனால் எல்லாச் சிறு ஆட்டமும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவின் ஸ்டீபன் ஹில்-ஹாஸ் குழு 2009-இல் பதினாறு வயதையொட்டிய 16 பையன்களிடம் இதைத் துல்லியமாகக் காட்டியது. தலைக்குச் சுமார் 150 சதுர மீட்டர் என்பதை மாற்றாமல், ஆள் எண்ணிக்கையை மட்டும் மாற்றினார்கள். இரண்டுக்கு இரண்டில் இதயத் துடிப்பு உச்சத்தில் 89 சதவீதம், நாலுக்கு நாலில் 85, ஆறுக்கு ஆறில் 83. தசைகள் சர்க்கரையை அவசர அவசரமாக உடைக்கும்போது ரத்தத்தில் சேரும் லாக்டேட் லிட்டருக்கு 6.7 மில்லிமோலிலிருந்து 4.1 வரை இறங்கியது. ஆள் குறையக் குறைய மூச்சு முட்டுகிறது. ஆனால் நீளமான ஸ்பிரிண்ட் ஓட்டங்கள் ஆள் அதிகமான ஆட்டத்தில்தான் வந்தன.

கட்டத்தின் அளவும் அதே போல வேலை செய்கிறது. ஸ்பெயினின் டேவிட் காசமிச்சானாவும் ஹூலென் காஸ்டெல்லானோவும் தலைக்கு 275, 175, 75 சதுர மீட்டர் என்று மூன்று அளவில் இளம் வீரர்களை ஆடவிட்டார்கள். பெரிய கட்டத்தில் ஓடிய தூரமும் வேகமும் இதயத் துடிப்பும் அதிகம். சிறிய கட்டத்தில் பந்தோடு மல்லுக்கட்டும் வேலைகள் அதிகம். இத்தாலியின் எர்மானோ ராம்பினினி குழு இன்னொன்றையும் சேர்த்தது: பயிற்சியாளரின் குரல். கோட்டோரம் நின்று உற்சாகப்படுத்தினால் அதே ஆட்டமே கூடுதல் கடுமையாகிவிடுகிறது.

ஆக, தன் கையில் உள்ள கூம்புகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் பயிற்சியாளர், பிள்ளையின் எந்த உறுப்பு இன்று உழைக்கும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார். இது பலருக்குத் தெரிவதில்லை. “இன்னிக்கு லேசா விளையாடட்டும்” என்று சொல்லி மிகச் சிறிய கட்டத்தில் இரண்டுக்கு இரண்டு ஆடவிடுவது லேசான வேலையே அல்ல.

குறிப்பாகக் கால்களுக்கு. பாவ்லோ கவுடினோவின் குழு 2014-இல் முதல்தர வீரர்களை ஜிபிஎஸ் கொண்டு அளந்தது. கட்டம் பெரிதானால் அதிவேக ஓட்டம் கூடுகிறது, சிறிதானால் மிதமான வேகமெடுப்புகளும் நிறுத்தங்களும் பெருகுகின்றன. ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் இந்த நிறுத்தங்களின் சுமை கண்ணில் படாது.

ஓடுகிறவன் சட்டென்று நிற்கும் அந்தக் கணத்தில் குதிகால் தரையில் குத்துகிறது, முழங்கால் மடங்குகிறது, தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுவை முழுவதும் முழங்கால் சில்லுக்குக் கீழே, கால் எலும்பின் முன்புறத்தில் துருத்தி நிற்கும் சிறு மேட்டில் போய்ச் சேர்கிறது. வளர்ந்தவருக்கு அது கெட்டி எலும்பு. வளரும் பிள்ளைக்கு அது இன்னும் பாதி குருத்தெலும்பு. திரும்பத் திரும்ப இழுபட்டால் அந்த மேடு வீங்கி வலிக்கும். 1903-இல் அமெரிக்காவின் ராபர்ட் ஆஸ்குட், சுவிட்சர்லாந்தின் கார்ல் ஷ்லாட்டர் இருவரும் தனித்தனியே விவரித்ததால் இந்தக் கோளாறு இன்றும் அவர்கள் பெயரிலேயே அறியப்படுகிறது. குதிகாலின் வளர்தகட்டில் வரும் இதே வகைத் தொல்லைக்கு சீவர் என்ற மருத்துவரின் பெயர். பையன்கள் பதினான்கு வயதையொட்டியும், பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதையொட்டியும் கிடுகிடுவென்று உயரும் காலத்தில் இந்த இடங்களைக் கவனிக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே கைவைத்து அழுத்தினால் முகம் சுளிக்கும் பிள்ளையை “சோம்பேறி” என்று திட்டும் பயிற்சியாளர்களைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது.

இன்னும் சிறிய பிள்ளைகளின் சங்கதி வேறு. பிரான்ஸின் செபாஸ்டியன் ராத்தேலும் ஆஸ்திரேலியாவின் அந்தோனி பிளேசவிச்சும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் கடும் உழைப்புக்குப் பின் தேறிய விதம், பல ஆண்டு பயிற்சி பெற்ற நீள்தூர வீரர்களுக்கு இணையாக இருந்தது. பருவமடையும் முன் உடல் ஆக்சிஜன் வழியையே அதிகம் நம்புகிறது, லாக்டேட் குறைவாகவே சேர்கிறது. எட்டு வயதுக் குழந்தை ஆடி முடித்த கையோடு மறுபடி ஓடுவது இதனால்தான். அந்த வயதில் குறுகிய சுற்றுகளும் குறுகிய இடைவெளிகளும் போதும்.

பதின்மத்தில் கணக்கு மாறுகிறது. சிறு ஆட்டம் மட்டுமே ஆடும் பிள்ளைக்குத் தன் உச்ச வேகத்தைத் தொட வாய்ப்பே அமையாது; அந்த வேகத்தை அடைவதற்கு முன்பே கோடு வந்துவிடுகிறது. பிறகு ஒருநாள் முழு மைதானத்தில் முழு வேகத்தில் ஓடும்போது, பழக்கமில்லாத பின்தொடைத் தசை தடுமாறும். வாரத்தில் ஒரு நாளாவது 30, 40 மீட்டர் தடையின்றி ஓடவிடுவதும், கட்டத்தை விரித்து ஆட்களைக் கூட்டுவதும் அதற்காகத்தான்.

ஒரே வயதில் ஒருவன் மீசை முளைத்தும் மற்றவன் குழந்தை முகத்தோடும் நிற்பது பெரிய சிக்கல். பாத் பல்கலைக்கழகத்தின் ஷான் கம்மிங் உள்ளிட்டோர் இங்கிலாந்து பிரீமியர் லீக் அகாடமிகளோடு சேர்ந்து, வயதை விட்டுவிட்டு, எட்டவிருக்கும் முழு உயரத்தில் 85 முதல் 90 சதவீதத்தை எட்டிய பையன்களை ஒன்றாக ஆடவிட்டார்கள். சீக்கிரம் வளர்ந்தவர்கள் உடல் பலத்தை வைத்து ஜெயிக்க முடியாமல், பாஸிலும் நகர்விலும் யோசிக்க வேண்டியிருந்ததாகச் சொன்னார்கள். தாமதமாக வளர்ந்தவர்கள், மோதல் குறைந்ததால் தங்கள் திறமையைக் காட்டவும் முன்னின்று ஆடவும் முடிந்ததாகச் சொன்னார்கள்.